அக்காவின் பேரில் ஒரு இரத்த மாதிரி

எங்கள் இரத்த வங்கிக்கு ஆஸ்பத்திரி வாட்டுகளிலிருந்து வரும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இதற்கு முன் நோயாளிக்கு இரத்தம் ஏற்றப்பட்டிருக்கிறதா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டங்கள். வயதானவர்களின் படிவங்களில் பெரும்பாலும் 'இல்லை' என்ற கட்டத்தில்தான் கோடு விழுந்திருக்கும். அந்த 'இல்லை'யைச் சொன்னவர் நோயாளியாக இருக்கமாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ சொல்லியிருப்பார். தாங்கள் பிறப்பதற்கு முன் நடந்ததைப் பற்றி இவர்கள் எப்படி இத்தனை உறுதியாகச் சொல்கிறார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. கோடு விழுந்த கட்டத்தைப் பார்ப்பேன், அடுத்த வேலைக்குப் போவேன். அப்படிப் போக முடியாமல் செய்த ஓர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று காலை பதுளையில் நல்ல மழை. பெண்கள் எலும்பு முறிவு வாட்டிலிருந்து வந்த குழாயில் வயது எழுபத்தாறு என்று இருந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவர் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. இரண்டு நாள் கழித்து அறுவைச் சிகிச்சை. ஏற்கெனவே உடம்பில் இரத்தம் குறைவு என்பதால் இரண்டு பைகள் பொருத்தம் பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பி பொசிட்டிவ். எங்கள் குளிர்பெட்டியில் தட்டுப்பாடில்லாத வகை. பத்து மணி தேநீருக்கு முன் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வகை பொருந்தினால் மட்டும் போதாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். செங்குழியங்களின் மேல் ஏ, பி என்பவை போக இன்னும் ஏராளமான அடையாளங்கள் உண்டு. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். பிறருடைய இரத்தம் ஏற்றும்போதோ, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும்போதோ தன்னிடம் இல்லாத ஓர் அடையாளத்தைச் சிலருடைய உடம்பு கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் அதற்கு எதிராக ஒன்றை உண்டாக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதைப் பிறபொருளெதிரி என்று படித்தேன். வருடங்கள் போகப் போக அது இரத்தத்தில் குறைந்துகொண்டே வந்து, நம்முடைய பரிசோதனைக்குத் தட்டுப்படாத அளவுக்குப் போய்விடும். ஆனால் உடம்பு மறப்பதில்லை. அதே அடையாளம் உள்ள இரத்தத்தை மறுபடி ஏற்றினால் ஒரு வாரத்துக்குள் பழையபடி பெருகி, ஏற்றிய இரத்தத்தை எல்லாம் உடைத்துத் தள்ளும். வாலிபத்தில் இருப்பவர் தாங்கிவிடலாம். வயதானவரின் சிறுநீரகம் தாங்காமல் போகலாம்.

ஆகவே வயதானவர்களுக்கு இந்தப் பரிசோதனையை ஒருபோதும் அவசரமாகச் செய்யக்கூடாது. நோயாளியின் இரத்த நீரை மூன்று விதமான செங்குழியங்களோடு தனித்தனியே சேர்த்து, சுழற்றிப் பார்ப்போம். செங்குழியங்கள் சின்னக் குழாயின் அடியில் பொத்தானைப் போலப் போய் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. மேலே எங்காவது சிக்கி நின்றால் ஏதோ இருக்கிறது. அன்று முதல் இரண்டு குழாய்களும் சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் பொத்தானுக்கு மேலே புகை படிந்தது போல ஒரு மெல்லிய சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் இருக்கிறது, திருப்பினால் இல்லை. மறுபடி செய்தேன். அதே புகை.

எங்கள் பிரிவின் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குழாயைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுற சாதியெண்டு நினைக்கிறன். அவவுக்கு முந்தி ரத்தம் ஏத்தினதோ?"

"பாரத்துல இல்லன்னுதான் இருக்கு டொக்டர்."

"பாரம் சொல்லுறத விடும் தம்பி. நீர் போய் அவவைக் கேளும்."

கொழும்பில் உள்ள பெரிய ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரியை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, எழுதும் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு வாட்டுக்குப் போனேன். பார்வையாளர் நேரம். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நான்கைந்து பேர், சாப்பாட்டுப் பெட்டி, பிளாஸ்க். அந்த அம்மா சுவர்ப் பக்கக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் மகன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரகல சந்தியில் டயர் ஒட்டும் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். விரல் இடுக்குகளில் கறுப்பு ஏறியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் ஒரு சிங்கள நேர்ஸ் மாத்திரையோடு வந்து அந்த அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். மூன்றாம் தடவைக்கு மகன் கையைத் தட்டியதும்தான் திரும்பினார். காது மந்தம் என்று நேர்ஸ் நினைத்திருப்பார். எனக்கு என்னுடைய அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது அப்பாவின் பெயரை எழுதவேண்டி வந்தது. எந்தப் பெயரை என்று கேட்டேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, பெரட்டுப் பெயர் ஒன்று. பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுத்து வேலை பிரிப்பது. அங்கே கூப்பிடுவது செக்ரோல் புத்தகத்தில் பதிந்த பெயரை. தோட்டத்தில் புதிதாகப் பேர் பதியாத காலங்கள் வரும். அப்போது இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனவரின் பெயரோ செத்துப்போனவரின் பெயரோ புத்தகத்தில் சும்மா இருந்தால், கங்காணி சொல்லி இன்னொருவர் அந்தப் பெயரில் நின்றுகொள்வார். 'பேருல நிக்கிறது' என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது. பிறகு அடையாள அட்டை எடுக்கும்போது தோட்டத்துப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதிக்கொடுப்பார்கள். நின்ற பெயரே நிலைத்துவிடும். அப்பா தன் சித்தப்பாவின் பெயரில் நின்றவர். தபால்காரர் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு வந்தால் அவர் பாட்டுக்குத் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருப்பார்.

இதை ஞாபகம் வைத்திருந்த நான் அன்று செய்த காரியம் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மாவிடம் முதலில் முன்பு இரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மகனும் இல்லை என்றார். எத்தனை பிள்ளைகள் என்றேன். நாலு என்று மகன் சொன்னார். அப்புறம், பழைய பதிவு வேறு பெயரில் இருக்கலாம் என்று தோன்ற, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டவனைப் போல, எழுதும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் கேட்டேன்.

"அம்மா, ஒங்களுக்கு பெரட்டுப் பேரு வேற, சொந்தப் பேரு வேறயா?"

பேச்சுச் சத்தம் குறைந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா முனையைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பேருதாங்க" என்றார். பிறகு, "ஆபீஸ் கிளாக்கையா மாதிரியே கேக்குறீங்க" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். இரண்டு மணிக்கு வாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த அம்மா ஆபரேஷன் வேண்டாம் என்கிறார், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மகனைப் பிடித்து வைத்திருக்கிறார், கையெழுத்துக்குக் கைநாட்டு வைக்கமாட்டேன் என்கிறார்.

எலும்பு முறிந்து அந்த வயதில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். வெட்டி ஒட்டாவிட்டால் அவர் எழுந்து நடக்கப்போவதில்லை. வெட்டவேண்டுமானால் இரத்தம் வேண்டும். எந்த இரத்தம் என்பது அவர் வாயில் இருக்கிறது. அந்த வாயை மூடிவிட்டு வந்தது நான்.

மகனே என்னைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள தேநீர்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பிளேன்டி சொல்லிவிட்டு, நான் எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப நம்ம ஆளுதான் தம்பி நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா. அந்தக் கேள்விய மட்டும் விட்ருங்க."

அவர் சொன்னதன் சுருக்கம் இது. லயத்து வரிசை அறைக்குப் பதிலாகக் கட்டிய சின்ன வீடும் ஏழு பேர்ச் காணியும் அம்மாவின் பெயரில் கிடைக்கப்போகிறது. காணி உறுதிப் பத்திரம் கைக்கு வரும் கட்டம். அந்தப் பெயர் அம்மாவின் பெயரல்ல என்று ஆஸ்பத்திரிக் கடதாசியில் ஏறினால், அது எங்கே எல்லாம் போகும், யார் வந்து என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்ததே அவர்தான். இரத்தம் ஏற்றிய விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒருநாளும் இரத்தம் ஏற்றியதே இல்லை என்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நான் அவரை நம்பினேன். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை.

உறுதிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? டொக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் வாட்டில் கேட்ட விதத்தையும் சேர்த்துத்தான். பேர் மாறி நிற்கும் கதை அவருக்குப் புதிது. இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் என்றதும் பேனாவை மேசையில் வைத்தார்.

"இப்பிடி எத்தினை பேர் இருப்பினம் தம்பி?"

"எங்க லயத்துலயே மூனு பேர் டொக்டர்."

டொக்டர் சொன்னார்: "கையில கட்டியிருக்கிற பேர்தான் எங்களுக்குப் பேர். அத மாத்துறது எங்கட வேலை இல்லை. எங்களுக்கு வேண்டியது அவவின்ட ரத்தத்துக்கு முந்தி என்ன நடந்தது எண்டது. அத எங்கட புத்தகத்தில எழுதுவம். பழைய இலக்கம் ஏதும் இருந்தா அதையும் எழுதுவம். பேர எழுத வேண்டியதில்லை. நான் சொன்னதெண்டு சொல்லும்."

இந்த முறை படிவத்தை எடுக்கவில்லை. பேனாவையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். நான்கு மணி. பார்வையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். மகன் மட்டும் அனுமதி வாங்கிக் கட்டில் கால்மாட்டில் நின்றார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மத்தியானம் நான் கேட்டது தப்பு என்றேன். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். என் அப்பாவின் பெயர் விஷயத்தைச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"மேக்கணக்கா, கீக்கணக்கா?"

தோட்டத்தின் மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா என்றுதான் கேட்டார். "மேக்கணக்கு."

"மேக்கணக்குல கோயிலு எங்க இருக்கு?"

ரோட்டுக்குக் கீழே, கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் என்றேன். அவருடைய நாத்தனார் ஒருவரை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார்களாம். திரும்பி என்னைப் பார்த்தார். அடையாள அட்டைப்படி எழுபத்தாறு. முகம் அதைவிடக் குறைவாகவே சொன்னது.

"ஒங்க பேரு எனக்கு வேணாம்மா" என்றேன். "ரத்தம் ஏத்தி, அதுக்குப் பெறகு கண்ணு மஞ்சளாச்சா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் மகனைப் பார்த்தார். வெளியே போய் ஒரு போத்தல் சுடுதண்ணீர் வாங்கி வரச் சொன்னார். போத்தலில் தண்ணீர் இருக்கிறதே என்றார் மகன். அது சூடாறிப் போய்விட்டது, போ என்றார். மகன் போனதும் மெதுவாகச் சொன்னார்.

முதல் பிள்ளை பிறந்தே இறந்தது. அப்போது நிறைய இரத்தம் போய், பதுளைக்குக் கொண்டு வந்து இரத்தம் ஏற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து அடுத்த பிள்ளை. அதிலும் அப்படியே ஆனது, மறுபடி ஏற்றினார்கள். பிள்ளையோடு வீட்டுக்குப் போய் நாலைந்து நாளில் கண் மஞ்சளாகி, குளிர் எடுத்து, மூத்திரம் கட்டச் சாயத் தேநீர் மாதிரி கறுத்துப் போனது. மறுபடி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிழைத்ததே பெரிது என்று அப்போதிருந்த டொக்டர் சொன்னாராம்.

"மகனுக்குத் தெரியாதாம்மா?"

"அந்த ரெண்டாவது புள்ளதான் அவன்" என்றார். "ஒன்னப் பெத்து நான் சாகக் கெடந்தேன்னு புள்ளகிட்டச் சொல்லுவாங்களா தம்பி?"

அதெல்லாம் அவருடைய சொந்தப் பெயரில் நடந்தது. அப்போது அவர் தோட்டத்தில் பேர் இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். மகன் கைப்பிள்ளையாக இருக்கும்போது அக்கா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். அக்கா போன மறு வாரம் கங்காணி வந்து, "பேரு சும்மாதான் கெடக்கு, நாளைலருந்து நீ நில்லு" என்றார். அக்கா இவரைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே காலையில் ஆறு வயது கூடிப்போனதைச் சொல்லும்போது அந்த அம்மா லேசாகச் சிரித்தார். அக்காவிடமிருந்து ஆரம்பத்தில் கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை.

"ஆஸ்பத்திரியில ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

"கார்டு ஒன்னு குடுத்தாங்க. எப்பவும் கையோட வச்சிக்கன்னு சொன்னாங்க. வச்சிருக்கேன்."

"எங்க?"

"பொட்டியில. அதுல ஏம்பேரு இருக்கே. எப்படி வெளிய எடுக்குறது?"

இத்தனை வருடம் அந்தக் கார்டை ஒரு ஆஸ்பத்திரிக்கும் காட்டியதில்லை. கண்ணுக்கு ஆபரேஷன், சீனி வருத்த கிளினிக், காலில் புண், எல்லாவற்றுக்கும் வந்து போயிருக்கிறார். நல்ல காலம், எதற்கும் இரத்தம் தேவைப்படவில்லை.

மகன் போத்தலோடு திரும்பி வந்தபோது, நீ வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் இருக்கும் கார்டை எடுத்து வா என்று அம்மாவே சொன்னார். எந்தக் கார்டு, எதற்கு என்று அவர் கேட்டார். போய் எடுத்து வந்த பிறகு சொல்கிறேன் என்றார் அம்மா. மகன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. ஆனாலும் போனார்.

மறுநாள் காலை எட்டரைக்கு எங்கள் கவுண்டர் முன்னால் நின்றார். கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றுக்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தார். மங்கிய மஞ்சள் அட்டை. மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. மேலே ஒரு பெயர், வயது இருபத்து நான்கு, ஓர் இலக்கம், பி பொசிட்டிவ். அதற்குக் கீழே சிவப்பு மையில், எந்த அடையாளத்துக்கு எதிரான பிறபொருளெதிரி என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அதை எழுதியவர் யாரோ, இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. எனக்கு அவருடைய கையெழுத்தைப் பார்த்து மரியாதை வந்தது.

"நான் பொறந்தப்பதானாம்" என்றார் மகன். அம்மா இரவே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார் போலும். அதுவரை என்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கவுண்டரில் கையை ஊன்றி நின்றார், நான் கார்டைப் பிரதி எடுத்து முடிக்கும்வரை.

டொக்டர் கார்டில் இருந்ததைக் கொழும்புக்குத் தொலைபேசியில் வாசித்தார். எதைத் தேடுவது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். நாங்கள் அனுப்பிய மாதிரியை அவர்கள் நுட்பமான இன்னொரு முறையில் பார்த்ததும் ஒளிந்திருந்த அதே பிறபொருளெதிரி வெளிப்பட்டுவிட்டது. அந்த அடையாளம் இல்லாத இரண்டு பைகளைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். ஆபரேஷன் ஒருநாள் தள்ளிப்போனது. பெட்டி வந்து சேர்ந்ததும் பொருத்தம் பார்த்தேன். எல்லாக் குழாயிலும் பொத்தான். டொக்டருக்கும் காட்டினேன். தலையாட்டினார்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் மத்தியானம் முதல் பை வாட்டுக்குப் போனது. கால் மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. அதே சிங்கள நேர்ஸ்.

"இவங்க வேற பேரு சொல்றாங்க. நான் போட மாட்டேன்."

இரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லிக் கையில் கட்டிய பட்டியோடும் பையோடும் ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் செய்தது சரி. குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த பை அரை மணிக்கு மேல் காத்திருக்கக்கூடாது. படிகளில் ஓடினேன். டொக்டரும் பின்னாலேயே வந்தார்.

கட்டிலைச் சுற்றி இரண்டு நேர்ஸ்மார். இரத்தப்பை தட்டில். அந்த அம்மா நிமிர்ந்து சாய்ந்து, தலையை வாரிக் கொண்டை போட்டு, தயாராக இருந்தார். என்னம்மா சொன்னீங்க என்று கேட்டேன். தன் சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் திருத்தமாகச் சொன்னார். முதல்முறையாக அவர் வாயால் அதைக் கேட்டேன். கார்டில் இருந்த அதே பெயர்.

"அம்மா, கையில கட்டியிருக்க பேரச் சொல்லணும்."

"அன்னிக்கெல்லாம் உண்மையச் சொல்லு, உண்மையச் சொல்லுன்னீங்க. சொன்னா ரத்தத்தத் திருப்பிக் கொண்டு போறீங்க. இது என்னா வேல தம்பி?"

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. டொக்டர் நேர்ஸுக்குச் சிங்களத்தில் சுருக்கமாக விளக்கினார். நேர்ஸ் தலையசைத்தார், ஆனால் விடவில்லை. பட்டியில் உள்ள பெயரை அம்மா சொல்லியே ஆகவேண்டும் என்றார். மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்: அம்மா, பேர் சொல்லுங்க, முழுப் பேர்.

அந்த அம்மா கையில் கட்டிய பட்டியைப் பார்த்தார். "சரி, அக்காவாவே இருந்துட்டுப் போறேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அக்காவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். வயதும் எழுபத்தாறு என்றார். நேர்ஸ் பட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கையெழுத்திட்டார். முதல் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று பார்த்தோம். காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை. அவர் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எனக்கு அது முடிவாகத் தெரியவில்லை. அவருக்கு முன்பு வந்தது இரத்தம் ஏற்றிச் சில நாள் கழித்து வந்த நோய். ஒன்பதாம் நாள் நானே போய் இரத்தம் எடுத்து வந்தேன். சுழற்றிய குழாயை வெளியே எடுக்கும்போது மேலே நின்ற நீர் தெளிந்த இளமஞ்சளாக இருந்தது. உடைந்திருந்தால் அது சிவந்திருக்கும். ஏற்றிய இரத்தம் உடம்பிலேயே நின்றிருந்தது. டொக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று இரண்டு சோற்றுப் பார்சல் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

வீடு போகும் நாளில் புதிய கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நாலு கால் தாங்கியைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். கார்டில் அடையாள அட்டையில் உள்ள பெயர், பி பொசிட்டிவ், பிறபொருளெதிரியின் விவரம், பழைய பதிவின் இலக்கம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எதற்குப் போனாலும் இதை முதலில் காட்டவேண்டும் என்று மகனிடம் சொன்னேன். பெரகலக் கடையிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன் என்றார். உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லிவிட்டாராம்.

அம்மா கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"இதுல அக்கா பேருங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப பழச எங்க?"

இரண்டு கார்டு இருந்தால் பின்னால் குழப்பம் வரும் என்று பழையதை நாங்கள் கோப்பில் போட்டிருந்தோம். அதைத்தான் சொன்னேன். அவர் தாங்கியை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பொறப்புப் பத்திரம் இல்ல தம்பி. கல்யாணம் பதியல. ஏம்பேரு இருக்கது அந்தக் கடுதாசி ஒன்னுலதான்."

டொக்டரிடம் போய்க் கேட்டேன். பிரதி இருக்கிறதுதானே என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பழைய கார்டின் குறுக்கே 'இது செல்லாது, புதியதைப் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்த எழுத்து பெயரின் மேல் விழாமல் பார்த்து எழுதியிருந்தார் என்பதை வாட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தேன்.

புதிய கார்டை மகனின் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார் அந்த அம்மா. பழையதைத் தன் கைப்பையில், அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார். பிறகு தாங்கியைப் பிடித்து எழுந்து, ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் நடந்தே வருவேன் என்றார்.